காலத்தை நிறுத்தும் கதைகள்: எல்லைப்புறப் பிள்ளைகள் கையில் ஒரு தொடரை எப்படிக் கொடுப்பது?

களியக்காவிளை, மார்த்தாண்டம், குழித்துறை, பாறசாலைப் பக்கம் வீட்டுத் திண்ணையிலோ வாசகசாலையிலோ பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கும் அப்பா அம்மாக்களுக்கும், ஆசிரியர்களுக்கும், நூலகத்தில் கைகொடுக்க வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இது. செங்கோட்டையிலும் வாளையாறிலும் திருத்தணியிலும் இருப்பவர்கள் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

ஒரு சிறுமிக்கு நேரத்தை நிறுத்தும் சக்தி கிடைக்கிறது. அல்லது ஒரு பையன் நேற்றைக்குத் திரும்பிப் போகிறான். அப்படித் தொடங்கி ஐந்தாறு புத்தகங்களுக்கு நீளும் தொடர்களைத்தான் சொல்கிறேன். மற்ற மாயக்கதைகளைக் கொடுப்பதைவிட இவற்றைக் கொடுப்பது கடினம். பறக்கும் குதிரை வந்தால் அது பறக்கும் குதிரை, பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஆனால் நேற்றைக்குப் போன ஒருத்தி இன்றைக்குத் திரும்பி வரும்போது எது மாறியது, எது மாறவில்லை என்பது பிடிபடாவிட்டால் இருபதாம் பக்கத்தில் புத்தகம் மூடப்படும். "எனக்குக் கதைப்புத்தகம் பிடிக்காது சாரே" என்று பிள்ளை சொல்லும். பிடிக்காமல் இல்லை, வழி தவறிவிட்டது. அதனால் அறிமுகம் செய்பவருக்கு முக்கியமான வேலை ஒன்றுதான்: கதையைச் சொல்லாமல் சக்தியின் விதியை மட்டும் சொல்வது. விதி தெரிந்த பிள்ளை கதைக்குள் தானே நடந்து போய்விடும்.

புத்தகம் முதலில் உங்கள் கையில்

தொடரின் முதல் புத்தகத்தை நீங்கள் முழுதாகப் படித்திருக்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் முன் உட்காராதீர்கள், முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். படிக்கும்போது ஒரு துண்டுத்தாளில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சக்தி யாருக்கு இருக்கிறது? அது என்ன செய்யும்? எங்கே வேலை செய்யாமல் நின்றுபோகும்? அதைப் பயன்படுத்துகிறவர் என்ன விலை கொடுக்கிறார்? இந்த நான்காவதற்குப் பதில் இல்லாத தொடரை நான் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. விலை இல்லாத சக்தி இரண்டாம் புத்தகத்திலேயே சலித்துப்போகும்.

சக்திகள் பல வகை. நேரத்தை நிறுத்துவது, பின்னோக்கிச் சுழற்றுவது, பழைய காலத்துக்குப் போய் வருவது, வரப்போவதை முன்கூட்டியே பார்ப்பது, ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிவது, ஓரிடத்தில் ஒரு மணி நேரம் கழிந்தால் வேறோரிடத்தில் நூறு வருடம் போய்விடுவது. ஒரு தொடரில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதனால் கதையின் ரகசியம் எதுவும் கெட்டுப்போகாது.

இதைவிட முக்கியமானது, கடந்தகாலம் மாறுமா மாறாதா என்பது. எழுத்தாளர்கள் இதில் நான்கு வழிகளில் போகிறார்கள்.

சில கதைகளில் போகலாம், பார்க்கலாம், வரலாம், எதுவும் மாறாது. சிறு பிள்ளைகளுக்கு இதுதான் நல்ல வாசல். மேரி போப் ஆஸ்பார்ன் 1992-ல் தொடங்கிய 'மேஜிக் ட்ரீ ஹவுஸ்' தொடர் இந்த வகை. ஜாக், ஆனி என்ற அண்ணனும் தங்கையும் மரத்தின் மேலுள்ள வீட்டில் ஒரு புத்தகத்தைத் திறந்து, அதிலுள்ள படத்தைச் சுட்டிக்காட்டி அங்கே போக ஆசைப்பட்டால் போய்விடுவார்கள். முதல் புத்தகத்தில் டைனோசர் காலத்துக்கே போகிறார்கள். திரும்பி வரும்போது இங்கே நேரம் நகர்ந்திருக்காது, அம்மா தேடமாட்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கடைசி விஷயம் பெரிய நிம்மதி.

சில கதைகளில் பின்னோக்கிப் போகிறவர் செய்வதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்ததாகவே இருக்கும். முதல் தடவை யாரென்று தெரியாமல் வந்து உதவியவர், இரண்டாம் தடவை பார்த்தால் தானே என்று தெரியும். ஹாரி பாட்டர் தொடரின் மூன்றாம் புத்தகத்தில் (1999) ஹெர்மயனி கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருக்கும் சின்ன மணற்கடிகாரம் இப்படித்தான் வேலை செய்கிறது. அவள் அதை வாங்கியது ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு வகுப்புகளுக்கும் போவதற்காக. இதைச் சொன்னால் நம் பிள்ளைகளிடமிருந்து ஒரு பெருமூச்சு வரும். இவ்வளவு பெரிய சக்தியை டியூஷனுக்குப் பயன்படுத்துகிறாளே என்று.

மூன்றாவது வழியில் கடந்தகாலத்தை மாற்ற முடியும். அங்கேதான் பழைய தாத்தாப் புதிர் வரும். நீ பின்னோக்கிப் போய் உன் தாத்தா கல்யாணத்தை நிறுத்திவிட்டால் நீ பிறக்கவே மாட்டாய், பிறக்காத நீ எப்படிப் போய் நிறுத்தினாய்? நான்காவது, மாற்றிய நொடியில் கதை இரண்டு கிளையாகப் பிரிந்து, இரண்டு உலகமும் தனித்தனியாக ஓடுவது. இவை இரண்டும் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குமேல் நன்றாகப் போகும். அதற்குமுன் கொடுத்தால் சக்தியை ரசிப்பார்கள், கதையைத் தவறவிடுவார்கள்.

எந்தப் பிள்ளைக்கு எது

வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்றாலும், தொடங்க ஒரு கணக்கு வேண்டுமே. ஆறிலிருந்து ஒன்பது வரை மேலே சொன்ன மரவீட்டுத் தொடர். பத்திலிருந்து பதின்மூன்று வரை மேடலின் லெங்கிளின் 'எ ரிங்கிள் இன் டைம்' (1962). காணாமல்போன விஞ்ஞானி அப்பாவைத் தேடி மெக் என்ற பெண் தம்பியோடும் நண்பனோடும் போகும் கதை. மறுவருடம் அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் பெற்றது, பிறகு ஐந்து புத்தகத் தொடராக வளர்ந்தது. அதில் தொலைதூரத்தை ஒரு நொடியில் கடப்பதை விளக்க, துணியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு எறும்பு நடப்பதைக் காட்டுவார்கள். நீங்கள் ஒரு துவர்த்தை (துண்டை) விரித்து, ஒரு முனையில் புளியங்கொட்டை வைத்து, நடுவில் மடித்து இரண்டு முனையையும் சேர்த்துக் காட்டுங்கள். இயற்பியல் வாத்தியார் தேவையில்லை.

கையில் காசு இல்லையென்றால் பழைய புத்தகங்கள் இருக்கின்றன. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 வருடம் கழிந்தால் காப்புரிமை முடிந்துவிடும். இ. நெஸ்பிட் 1924-ல் இறந்தவர். அவருடைய மூன்று புத்தகத் தொடரில் மூன்றாவதான 'தி ஸ்டோரி ஆஃப் தி அமுலெட்' (1906) ஒரு பாதித் தாயத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எகிப்துக்கும் பாபிலோனுக்கும் போகும் கதை. எச். ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' (1895) தொடர் அல்ல, ஆனால் இந்த வகையில் பின்னால் வந்த பலவற்றுக்கு மூத்தது. அதில் பயணி கி.பி. 8,02,701-க்குப் போகிறார். அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினாலே பத்து நிமிடப் பேச்சு ஓடும். இரண்டையும் இணையத்தில் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: இரண்டுமே பழைய ஆங்கிலம். பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகாமல், நீங்கள் படித்து நம் பேச்சில் சொல்ல வேண்டும். வெல்ஸைப் பதின்மூன்று வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம், நடுவில் பயமும் இருட்டும் அதிகம்.

மொழி விஷயத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகளின் நிலை தனி. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், சந்தையிலும் டிவியிலும் மலையாளம், விளவங்கோட்டுப் பக்கம் சிலருக்குப் பள்ளியிலும் மலையாளம். ஆங்கிலப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். அதோடு அன்றைய கதை முடிந்தது. நீங்கள் ஒரு பத்தி வாசியுங்கள், அதன் சாரத்தைப் பேச்சுத்தமிழில் சொல்லுங்கள், உரையாடல் வரும் இடத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பெயர்களை மாற்ற வேண்டாம். மெக்கை மேகலா ஆக்கினால் ரெண்டாம் புத்தகத்தைத் தானே எடுத்துப் படிக்கும் பிள்ளை குழம்பும்.

முதல் நாள் புத்தகத்தைத் திறக்க வேண்டாம்

நம் ஊரே ஒரு காலப்புதிர். அதை விட்டுவிட்டு எங்கோ தொடங்குவானேன்?

பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து இப்படிக் கேளுங்கள். "மக்களே, உங்ககிட்ட நேரத்தை நிறுத்துற சக்தி இருக்கு. 1956 அக்டோபர் 31 ராத்திரி பதினொன்றரைக்கு மார்த்தாண்டம் சந்தையில நின்னு நிறுத்தியாச்சு. இப்ப நீங்க நிக்கிறது எந்த மாநிலம்?" பாதிப்பேர் தமிழ்நாடு என்பார்கள், மீதிப்பேர் கேரளா என்பார்கள். இரண்டும் தப்பு. திருவிதாங்கூர்-கொச்சி. கேரளம் என்றொரு மாநிலமே அப்போது இல்லை. அடுத்த கேள்வி: "சரி, நேரத்தை விட்டாச்சு. பன்னிரண்டு அடிச்சு ஒரு நிமிஷம். இப்ப?" இந்தத் தடவை எல்லோரும் தமிழ்நாடு என்று கத்துவார்கள். அதுவும் தப்பு. சென்னை மாநிலம். தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நகராமல் நின்ற இடத்திலேயே மாநிலம் மாறிப்போனது பிள்ளைகளுக்குத் தாங்காது.

அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் அந்த 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பக்கம் வந்தன. செங்கோட்டையும் அன்றுதான். பாலக்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டைத் திருப்பிப் போடலாம், அது சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்து அன்றைக்குக் கேரளத்துக்குப் போனது. திருத்தணிக்காரர்களுக்குத் தேதி வேறு: 1960 ஏப்ரல் 1, ஆந்திரத்திலிருந்து வந்தது.

பக்கத்தில் ஒரு பாட்டா உட்கார்ந்திருந்தால் இந்த இடத்தில் அவர் நுழைந்து 1954 ஆகஸ்ட் 11-ஐப் பற்றிப் பேசத் தொடங்குவார். தமிழகத்தோடு சேரக் கேட்டுப் போராடியவர்கள் மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்த நாள். விட்டுவிடுங்கள், பேசட்டும். உங்கள் திட்டத்தில் அரை மணி நேரம் போகும், ஆனால் காலத்தின் பின்பக்கம் போய்வந்த மனுஷனை நேரில் பார்த்த மாதிரி பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

நேரம் மிச்சமிருந்தால் இரண்டு காலண்டர்களை அருகருகே மாட்டுங்கள். மேற்கே பல வீடுகளில் தமிழ்க் காலண்டரும் மலையாளக் காலண்டரும் எப்படியும் இருக்கும். கொல்லம் ஆண்டு கி.பி. 825-ல் தொடங்குவது, அதன் புத்தாண்டு சிங்ஙம், அதாவது நம் ஆவணி. மாநிலம் மாறிய அந்த நாள் தமிழில் ஐப்பசி, மலையாளத்தில் 1132 துலாம். ஒரே நாளுக்கு மூன்று பெயர். "நேரத்தைப் பின்னோக்கித் திருப்பும் பெட்டியில் 1132 என்று தட்டினால் எந்த வருஷத்துக்குப் போய் விழுவாய்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ராஜேந்திர சோழன் காலத்தை ஒட்டி விழுவோமா, அதற்குப் பின்னாலா என்று அடுத்த வாரம் சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள். அவன் 1044 வரை ஆண்டவன் என்பதை அப்போது சொன்னால் போதும்.

"இதெல்லாம் மாயமந்திரம், படிப்பு கெடும்"

இந்தப் பேச்சு நிச்சயம் வரும். கோயிலிலிருந்தும் வரும், சர்ச்சிலிருந்தும் வரும், பள்ளிவாசல் தெருவிலிருந்தும் வரும். வாதாட வேண்டாம். காலம் நின்றால், தாண்டிப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி அவர்கள் வீட்டுக்குப் புதிதில்லை என்று காட்டினால் போதும். நம் மாவட்டத்தில் மூன்று சமயத்தாரும் ஒரே தெருவில் இருப்பது இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்த கொடை.

நளாயினி கதையை எடுங்கள். நோயாளிக் கணவனைக் கூடையில் சுமந்து போகும்போது இருட்டில் கழுவில் இருந்த முனிவர் மேல் கூடை இடித்துவிடுகிறது. விடிந்தால் உன் கணவன் சாவான் என்று அவர் சபிக்கிறார். அப்படியானால் விடியவே வேண்டாம் என்கிறாள் இவள். சூரியன் உதிக்கவில்லை. உலகம் முழுக்க இருட்டில் தவிக்கிறது, தேவர்கள் வந்து கெஞ்சுகிறார்கள். அந்த நான்கு கேள்விகளையும் இதற்குப் போட்டுப் பாருங்கள். சக்தி யாருக்கு, என்ன செய்யும், எங்கே நிற்கும், என்ன விலை. விலையை அவள் ஒருத்தி கொடுக்கவில்லை, ஊரே கொடுத்தது. அதுதான் அந்தக் கதையின் நெருக்கடி. அவளைச் சமாதானம் செய்தவள் அனசூயை என்றும் ஒரு மரபு உண்டு. அந்த அனசூயை நம் சுசீந்திரத்துத் தலபுராணத்தின் நாயகி என்பதை இங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடலாமா?

பைபிளில் யோசுவா கிபியோன் மேல் சூரியனை நிற்கச் சொல்கிறான், ஆயலோன் பள்ளத்தாக்கில் சந்திரனை நிற்கச் சொல்கிறான். போர் முடியும்வரை பகல் நீள்கிறது. குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயத்தில் குகையில் ஒளிந்த இளைஞர்கள் தூங்கி எழும்போது 309 வருடம் கழிந்திருக்கிறது. ஒரு நாளோ அரை நாளோதான் தூங்கியதாக அவர்கள் நினைக்கிறார்கள். எபேசு நகரத்து ஏழு உறங்குவோர் என்று கிறிஸ்தவர்களிடமும் இதே போன்ற கதை உண்டு. பாகவதத்தில் முசுகுந்தன் யுகக்கணக்கில் உறங்குகிறான். ககுத்மி என்ற அரசன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போய், அங்கே ஒரு பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கிறான். பிரம்மா சிரிக்கிறார். நீ பட்டியல் போட்டு வைத்திருந்த மாப்பிள்ளைகள் யாரும் இப்போது இல்லை, பூமியில் 27 சதுர்யுகம் போய்விட்டது என்கிறார். கடைசியில் ரேவதி பலராமனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். ஓரிடத்தில் மெதுவாகவும் இன்னோரிடத்தில் வேகமாகவும் ஓடும் காலம் பல தொடர்களுக்கு உயிர்நாடி. அதை ஒரு கல்யாண வீட்டுச் சங்கடமாகச் சொல்லிவிட்ட இந்தக் கதையை மிஞ்சிய அறிமுகம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒன்று கவனம். வேதத்தையும் புராணத்தையும் 'பழங்காலக் கற்பனைக்கதை' என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். அது அவரவர் நம்பிக்கை, நம் கையில் இருப்பது விளையாட்டுக்கு எழுதிய புத்தகம். கேள்வி மட்டுமே ஒன்று. இந்த எல்லையைத் தெளிவாக வைத்தால் பெரியவர்கள் அடுத்த வாரம் தங்கள் பேரப்பிள்ளையைத் தாங்களே கூட்டிவந்து விடுவார்கள்.

வாசிக்கும்போது

முதல் அத்தியாயத்தை நீங்களே வாசியுங்கள். அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்த வேண்டாம், அங்கே எழுத்தாளரும் மூச்சு விட்டிருப்பார். அதற்கு இரண்டு பக்கம் முன்பு, கதவு திறக்கிற இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை மேசைமேல் குப்புற வைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது யாராவது எடுத்துப் படித்துக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் இனித் தேவையில்லை.

கதை காலம் மாறும்போது இருக்கை மாறுங்கள். நிகழ்காலத்துக்கு ஒரு நாற்காலி, கடந்தகாலத்துக்கு ஒரு முக்காலி. வாயால் "இப்போ பழைய காலம்" என்று சொல்லவே வேண்டாம், நீங்கள் எழுந்ததுமே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

அதோடு ஒரு கயிறு கட்டுங்கள். வலை பின்னும் நைலான் கயிறு சந்தையில் மலிவு. சுவரில் நீளமாக இரண்டு கயிறு, ஒன்றுக்குக் கீழே ஒன்று. மேல்கயிறு கடிகாரத்துக்கு: எது எத்தனை மணிக்கு, எந்த வருடம் நடந்தது. கீழ்க்கயிறு நாயகிக்கு: அவள் வாழ்க்கையில் எதற்குப் பின் எது. ஒவ்வொரு சம்பவத்தையும் துண்டுத்தாளில் எழுதித் துணி கிளிப்பால் மாட்டச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்கு இருந்தவள் ஆறு மணிக்குத் திரும்பிப் போகிறாள் என்றால், மேல்கயிற்றில் ஆறு மணிக்கு அவள் பெயரில் இரண்டு கிளிப் தொங்கும். கீழ்க்கயிற்றில் அப்படி ஒருபோதும் வராது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து "சாரே, ரெண்டு பேரு நிக்கா!" என்று கத்தும் நாள்வரை விளக்காதீர்கள். இரண்டு கயிறு இருந்தால் எவ்வளவு சிக்கலான தொடரையும் எட்டு வயதுப் பிள்ளை பின்தொடரும். ஒரே கயிறு போட்டால் பெரியவர்களே தடுமாறுவார்கள்.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் கதையில என்ன நீதி?" பரீட்சை வாசனை வந்துவிடும். "நீயா இருந்தா அந்த நொடியில நிறுத்தியிருப்பியா, விட்டிருப்பியா?" என்று கேளுங்கள்.

எந்த வரிசையில் படிப்பது

காலக்கதைத் தொடர்களில் மட்டும் இது பெரிய தலைவலி. வெளிவந்த வரிசை ஒன்று, கதைக்குள் நடக்கும் வரிசை வேறொன்று. லெங்கிளின் தொடரில் நான்காவதாக 1986-ல் வந்த 'மெனி வாட்டர்ஸ்' கதை, மூன்றாவதாக 1978-ல் வந்ததற்கு முன்னால் நடப்பது. அதில் பள்ளிப் பையன்களாக இருக்கும் இரட்டையர்கள் முந்தைய புத்தகத்தில் வளர்ந்த ஆட்கள். நார்னியா தொடரிலும் 1955-ல் ஆறாவதாக வந்த புத்தகம்தான் கதைக்கணக்கில் முதலாவது. கடைகளில் கிடைக்கும் பெட்டித்தொகுப்பில் அதையே முதலாம் எண் போட்டு வைத்திருப்பார்கள்.

என் தீர்ப்பு: எப்போதும் வெளிவந்த வரிசைதான். எழுத்தாளர் எந்த ரகசியத்தை எப்போது உடைத்தாரோ அப்போதே பிள்ளைக்கும் உடையட்டும். புத்தகத்தின் உள்பக்கத்தில் அச்சான வருடம் இருக்கும், அதைப் பார்த்து முதுகில் பென்சிலால் எண் போட்டுவிடுங்கள். எல்லாம் படித்து முடித்த பிள்ளை இரண்டாம் தடவை கதைக்கால வரிசையில் படிக்கட்டும், கயிறு அதற்கு உதவும்.

முழுத் தொகுப்பையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். ஆறு தடித்த புத்தகம் அலமாரியில் நிற்பதைப் பார்த்தே சில பிள்ளைகள் பின்வாங்கும். முதலாவது முடிந்து, "அடுத்தது எங்க?" என்று கேள்வி வந்தபின் இரண்டாவது. நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். திருவனந்தபுரம் போகிறவர்கள் 1829-ல் தொடங்கிய அங்குள்ள மாநில மைய நூலகத்தையும் ஒரு நடை பார்க்கலாம். ஜூன் 19, கிரந்தசாலை (நூலக) இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவுநாளில் கேரளப் பள்ளிகள் வாசிப்பு தினம் கொண்டாடும். எல்லைக்கு அந்தப்பக்கம் உறவுக்காரப் பிள்ளைகள் இருந்தால் அந்த வாரத்தில் தொடங்குவது வசதி.

ஒரு பிள்ளை இதைக் கேட்கும்

கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் வட்டத்தில் இருந்தால் நீங்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் இரண்டும் கொளச்சல் முதல் நீரோடி வரை வீடுவீடாக நினைவில் இருக்கின்றன. அப்பாவின் முகத்தைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். காலத்தைத் திருப்பும் கதையை அவர்கள் கேட்டதும் முதலில் போகும் இடம் எகிப்தோ டைனோசரோ இல்லை. "அன்னைக்குக் காலையில போயி, வள்ளம் எறக்க வேண்டாம்னு சொல்லலாமா?"

"முடியாது மக்கா, அது கதை" என்று உடனே முடித்துவிட வேண்டாம். "சொன்னா கேட்டிருப்பாரா? அவரு எப்படிப்பட்ட ஆளு?" என்று கேளுங்கள். பிள்ளை அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கும், அல்லது அம்மா சொன்னதைச் சொல்லும். மற்ற பிள்ளைகள் அமைதியாகக் கேட்பார்கள், அதை நீங்கள் ஒழுங்குபடுத்த வேண்டியதில்லை. அந்த வாரம் இறந்தவரை மீட்கும் அத்தியாயத்தைத் தள்ளிப்போடுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவருக்குத் தகவல் சொல்லுங்கள். பிள்ளை தானாக வந்து அந்த இடத்தைக் கேட்டால் தனியாக உட்கார்ந்து வாசித்துக் கொடுங்கள். இந்தத் தொடர்களில் நல்லவை எல்லாமே எங்கோ ஓரிடத்தில் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கும். அதனால்தான் நீங்கள் முழுதாகப் படித்திருக்க வேண்டும் என்றேன்.

ஒரு நாள் வெளியே

புத்தகம் பாதி ஓடியபின் கடிகாரம் பார்க்கப் போகலாம். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் எடைக்கல் தொங்கும் பழைய மணிக்கூண்டுக் கடிகாரம் இருக்கிறது. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை, திங்கட்கிழமை விடுமுறை. நாகர்கோவில் மணிமேடை 1893-ல் திறந்தது. பேருந்து ஏற மனமிருந்தால் திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே மேத்தன் மணி. தாடிக்கார முகம் வாய் திறக்க, ஒவ்வொரு மணிக்கும் இரண்டு ஆடுகள் வந்து அவன் கன்னத்தில் முட்டும். மணி அடிக்கப் பத்து நிமிடம் முன்பே போய் நின்றுகொள்ளுங்கள், தவறவிட்டால் முழுசாக ஒரு மணி நேரம் பிள்ளைகளைச் சமாளிக்க வேண்டும்.

அவர்களே எழுதட்டும்

இரண்டாம் புத்தகம் முடியும்போது கை தானாக அரிக்கும். தாளைக் கொடுங்கள், ஆனால் சக்தியைச் சுருக்கிக் கொடுங்கள். "நேரத்தை எப்படி வேணும்னாலும் மாத்தலாம்" என்றால் எல்லோரும் பரீட்சைத்தாளைத் திருடி வருவார்கள், அதோடு கதை தீர்ந்துவிடும். ஒரு நாழிகை மட்டும், அதாவது 24 நிமிடம். ஒரு நாளுக்கு ஒரு தடவை. தன் தாலுகாவுக்குள் மட்டும். ஒவ்வொரு தடவை பயன்படுத்தும்போதும் ஒரு நினைவை இழக்க வேண்டும், எதை என்று முதலிலேயே எழுத வேண்டும். இந்த நான்கு வரியைத் தாளின் மேலே எழுதச் சொன்னால், பேனா கடித்துக்கொண்டு யோசிப்பார்கள்.

எழுத்துப்பிழை திருத்த வேண்டாம், மலையாளச் சொல் கலந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை எழுதியவரே சத்தமாக வாசிக்கட்டும். 24 நிமிடத்துக்குமேல் நேரத்தை நிறுத்தியிருந்தாலோ, இழந்த நினைவு மூன்றாம் பக்கத்தில் சத்தமில்லாமல் திரும்பி வந்திருந்தாலோ நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கிளிப்போடு எழுந்துவிடுவார்கள்.